என் காபியில் வந்த பலாப்பழ வாசனை

திருவொற்றியூரில் இருந்துகொண்டு நான் காபி குடிப்பவன் என்று சொல்லிக்கொள்ளவே கொஞ்சம் திமிர் வேண்டும். எங்கள் பக்கம் டீதான். துறைமுகத்துக்குப் போகிறவருக்கு டீ, பவர் ஹவுசுக்குப் போகிறவருக்கு டீ, காசிமேட்டிலிருந்து திரும்புகிறவருக்கும் டீ. கடையில் காபி கேட்டால் மாஸ்டர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா, ஒடம்பு செரியில்லையா?" என்பார். உடம்புக்கு ஒன்றுமில்லை. புத்திக்குத்தான் ஏதோ ஆகியிருந்தது.

நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருக்கிறேன். கப்பலில் போகிற சரக்குக்குக் காகிதம் தயார் செய்கிற உத்தியோகம். ஒரு தடவை காபிக்கொட்டை ஏற்றுமதி செய்கிறவர் சாம்பிளுக்குக் கொடுத்த ஒரு பை பச்சைக்கொட்டை யாருக்கும் வேண்டாமல் மேஜைக்கடியில் கிடந்தது. ஆளாளுக்குக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அந்தச் சமயத்தில் யூடியூபில் ஒரு தாடிக்காரரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ ஒரு மலையில் கூடாரம் அடித்து, கொட்டையை வறுத்து, கையால் அரைத்து, கொக்குக் கழுத்துபோல் மூக்கு வைத்த கெட்டிலிலிருந்து வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் கண்ணை மூடும்போதெல்லாம் என் வாழ்க்கையில் பெரிய குறை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றும்.

வாணலியில் வறுத்ததில் பாதி கரியாகவும் பாதி பச்சையாகவும் வந்தது. விடுவேனா? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையைப் பிடித்தேன். துளை போட்ட தகட்டை உருளையாகச் சுருட்டி, லாரியின் வைப்பர் மோட்டாரை வைத்து அதைச் சுற்றவிட்டு, அடியில் கேஸ் அடுப்பு எரிகிற மாதிரி ஒரு மிஷின் செய்யச் சொன்னேன். எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்டார். காபிக்கு என்றேன். "பாக்கிட்லயே விக்கிதே நைனா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வீட்டில் என் மனைவி அதைச் சுற்றிவந்து பார்த்து, "கோயி சுடறதா?" என்று ஆவலாகக் கேட்டாள். கோழி இல்லை, காபி என்றதும் முகம் தொங்கிப்போயிற்று. "வூட்டுக்குள்ள வெச்ச, நானு, அது, ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கும்" என்றாள். மிஷின் மொட்டைமாடிக்குப் போனது.

எங்கள் குடியிருப்பில் நாற்றத்துக்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. மதியத்துக்கு மேல் கடல் காற்று மீனும் உப்புமாக வரும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. விடிகிற நேரத்தில் காற்று திரும்பி மேற்கிலிருந்து வரும். மேற்கே வரிசையாக ஆலைகள். எந்த ஆலை, எந்தக் குழாய் என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒருநாள் அழுகின முட்டை, ஒருநாள் சிலிண்டர் கசிகிற வாடை, ஒருநாள் பெயர் வைக்க முடியாத ஒரு தித்திப்பு. வந்தவுடன் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் "வருது" என்று ஒரு வார்த்தை விழும். "இங்கயும் வருது" என்று அடுத்த வீடு. பிறகு எல்லாரும் தோசை வார்க்கப் போய்விடுவார்கள். அதிகமானால் மூக்கில் ஈரத்துண்டு. அதற்கும் மேலே போனால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிக் கடலைப் பார்த்து நடப்பது. யாரும் வகுப்பெடுத்துக் கற்றுக்கொடுத்ததில்லை, பழக்கம்தான்.

நான் முதல்முறை வறுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தெருவில் இறங்கிவிட்டார்கள். அழுகின முட்டைக்கு அசையாதவர்கள் காபிக்கொட்டை வறுபடுகிற வாசனைக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. தெரிந்த நாற்றத்துக்கு யாராவது பயப்படுவார்களா? இது தெரியாத நாற்றம். நான் மாடிச் சுவரில் எக்கி நின்று "காபி, காபி!" என்று கத்தினேன். கீழே ஈரத்துண்டோடு நின்ற ஒருவர், "காபி இன்னாத்துக்குய்யா இப்டி நாறுது?" என்று பதிலுக்குக் கத்தினார்.

சில வாரங்களில் பழகிவிட்டார்கள். எங்கள் ஜனங்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அது அவர்களுடைய பெருமை. குழுவில் "வருது" என்று விழுந்தால் அடுத்த வரி "மாடிக்காரரு வறுக்கறாரு" என்று வரும். எல்லாரும் நிம்மதியாகப் புரண்டு படுப்பார்கள். நான் வறுக்காத நாளிலும் அப்படித்தான் வந்தது. நான் மறுக்கவில்லை. ஊரே என் காபியைப் பற்றிப் பேசுகிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

குளிர்ந்துபோனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் காபியில் பலாப்பழ வாசனை வந்தது. தாடிக்காரரின் காபியில் ஆரஞ்சு வரும், மல்லிகை வரும், ஏதேதோ வெளிநாட்டுப் பழமெல்லாம் வரும். எனக்கு முதலில் புகையைத் தவிர எதுவும் வரவில்லை. பிறகு ஒருநாள் விடிகாலையில் மாடியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தபோது, பழுத்து வெடித்த பலாவின் வாசனை அப்படியே மூக்கில் ஏறியது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். சாயங்காலம் அதே கொட்டையில் போட்டால் வராது. ஆகவே நல்ல காபி காலையில்தான் மலரும் என்று ஒரு கொள்கை வகுத்தேன். ஆபீசில் போட்டால் வராது. ஆகவே ராயபுரம் தண்ணீர் சரியில்லை என்று முடிவு கட்டினேன். ஆபீசில் எல்லாரிடமும் இதைச் சொன்னேன். என் மேஜைப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்கள்.

கொட்டையில்தான் பலா இருக்கிறது, என் மாடியில் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமல்லவா? அதற்காகக் கூடாரம் ஒன்று வாங்கி, முகத்துவாரக்குப்பத்து மணலில் போய் அடித்தேன். தாடிக்காரருக்கு மலை என்றால் எனக்கு எண்ணூர். ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் புகைபோக்கிகள். விடிந்ததும் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து கொட்டையை அரைத்துக்கொண்டிருந்தேன். படகைக் கரையேற்றிவிட்டு வந்த ஒருவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வூட்ல எதுனா சண்டையா மாமு?"

இல்லை, காபி போட வந்தேன் என்றேன்.

"வூட்ல அடுப்பு இல்லியா?"

இருக்கிறது என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "நம்ம வூட்டுக்கு வா, ரெண்டு நாளு குந்து, கோவம் தணிஞ்சதும் நானே இட்டுனு போய் வுடறேன்" என்றார். நன்றி சொல்லி ஒரு குவளை கொடுத்தேன். குடித்துவிட்டு, "சக்கர போட மறந்துட்ட மாமு, மன்சு செரியில்லன்னா அப்டித்தான்" என்று என் தோளில் தட்டினார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் குவளையில் பலா கமகமவென்று வந்துகொண்டிருந்தது. நிரூபித்தாயிற்று.

இப்போது கீழ்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், ஆனாலும் தெருவுக்கே அக்கா. மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். மார்க்கெட்டில் அவருக்கு இருந்த குரலைப் பற்றிப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்; நான் கேட்டதெல்லாம் இரண்டு வார்த்தைக்கு ஒரு இழுப்புத்தான். மேற்குக் காற்று வந்த காலைகளில் நெபுலைசரை மூக்கில் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் "வருது" என்று எழுதிவிட்டுத் தோசை வார்க்கும்போது, இவர் ஒருவர்தான் காற்றைக் கவனிக்கிற ஆபீசுக்குப் போன் போட்டுப் புகார் கொடுப்பார். இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது ஒருவர் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிவிட்டால் அதை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று அவர் நம்பினார். அவருக்கு அது மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம், பேச்சுக்குச் சொல்லவில்லை.

முன்பு ஒருமுறை அந்த ஆபீசிலிருந்து வந்து பார்த்திருக்கிறார்கள். முற்றத்தில் மீன்கூடை இருந்தது. நாற்றத்துக்குக் காரணம் மீன் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா அன்றிலிருந்து கூடைகளை மார்க்கெட்டிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தார். முற்றத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். வீட்டில் மீன் குழம்பு வைப்பதையே நிறுத்தினார். மாதக்கணக்கில் அந்த மீன்கார வீட்டில் பருப்பும் முட்டையும்தான். "இப்ப வரட்டும்... என்னா சொல்றாங்கன்னு... பாக்கறேன்" என்று மறுபடி புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

வந்தார்கள். அதிசயமாக, நாற்றம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். ஒரு அதிகாரி, கையில் ஒரு சின்ன கருவி. கீழே சுற்றிப் பார்த்தார், அக்கா வீட்டில் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. உயரத்தில் அளக்க வேண்டும் என்று மொட்டைமாடிக்கு ஏறி வந்தார். நான் அங்கே குவளையோடு உட்கார்ந்திருந்தேன். அன்று வறுக்கக்கூட இல்லை, முந்தின வாரம் வறுத்ததில் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி மூக்கைத் தூக்கி இரண்டு தடவை இழுத்தார்.

"இது என்ன சார் வாசனை?" என்றார்.

என்னைப் பார்த்து அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாருமே கேட்டதில்லை.

"பலாப்பழம் சார்!" என்றேன். "என் காபிதான்."

அதோடு விட்டேனா? உட்காரவைத்து ஒரு குவளை கொடுத்தேன். வெந்நீரை ஏன் சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். கொட்டை வெடிக்கிற சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். அவர் ஒரு வாய் குடித்து, மறுபடி மூக்கை இழுத்து, "ஆமாம் சார், பலா மாதிரிதான் இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஷினைப் படம் எடுத்துக்கொண்டார். இந்த ஏரியா முழுக்க இந்த வாசனை வருமா என்று கேட்டார். காற்று அடிக்கிற பக்கமெல்லாம் வரும் சார் என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. புகார் முடித்து வைக்கப்பட்டது, காரணம் மொட்டைமாடியில் காபிக்கொட்டை வறுத்தல். சுற்றிலும் நிற்கிற அத்தனை புகைபோக்கிகளையும் விட்டுவிட்டு, வடசென்னையின் காற்றைக் கெடுப்பது ஒரு வைப்பர் மோட்டார் என்று அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டது.

அக்கா என்னைக் கீழே கூப்பிட்டு அனுப்பினார். நன்றாகத் திட்டுவார் என்று தயாராகப் போனேன். திட்டுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை.

"மெய்யாலுமே... உன் காபியா நைனா அது?"

அது வேறு, இது வேறு அக்கா, என்னுடையது பலா என்று விளக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ வறுக்கறதுக்கு... முன்னாடியேகூட... எனுக்கு இஸ்துகினுதான் கீது. உம்மேல கோவமில்ல. நீ கொஞ்ச நாளு... ஊர்ல இல்லாத இரு. அந்த வறுக்கற டப்பாவையும்... எட்த்துனு போய்டு. அப்ப வந்தா... அது யாருதுன்னு... அவங்களே சொல்லட்டும்."

இப்படியாக, காற்று சாட்சி சொல்வதற்காக நான் ஊரைவிட்டுப் போனேன். லீவு போட்டுவிட்டு, கூடாரத்தையும் கெட்டிலையும் கோணிப்பையில் கட்டின மிஷினையும் தூக்கிக்கொண்டு ஜோலார்பேட்டைக்கு ரயிலேறி, ஏலகிரி மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். "பாவம், அடுத்தவங்களுக்காக எவ்ளோ கஷ்டப்பட்றாரு" என்று என் மனைவி வழியனுப்பினாள்.

கூடாரம் போட இடம் வாடகைக்கு விடுகிற தோட்டம் ஒன்றில் இறங்கினேன். மறுநாள் விடிந்தது. பனி, பறவை, மரம், தாடிக்காரர் காட்டின எல்லாமே இருந்தது. காபி போட்டேன். பலா வரவில்லை.

அரைத்தது நைஸாகிவிட்டது என்று மறுபடி கொரகொரப்பாக அரைத்தேன். வரவில்லை. தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன். கொட்டை பழசாகிவிட்டதோ என்று மிஷினை அவிழ்த்துப் புதிதாக வறுத்தேன். காபி காபியாக மட்டும் இருந்தது. நன்றாகவே இருந்தது, ஆனால் அதில் வேறு எதுவுமே இல்லை. மலைத் தண்ணீரும் சரியில்லை என்று நான் சபித்துக்கொண்டிருந்தபோது போனில் வாட்ஸப் குழு அடித்தது.

"வருது."

"இங்கயும் வருது."

"மாடிக்காரரு வறுக்கறாரு."

அதற்கடியில் என் மனைவி எழுதியிருந்தாள்: "அவுரு ஊர்ல இல்ல. டப்பாவும் இல்ல."

நான் போனையும் குவளையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே வருகிறது, இங்கே வரவில்லை. அங்கே காலையில் வரும், சாயங்காலம் கடல் காற்றில் வராது. எண்ணூரில் வரும். எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. இத்தனை மாதம் கண்ணை மூடிக்கொண்டு நான் ரசித்துக் குடித்தது எந்தக் கொட்டையையும் இல்லை. எந்த நாற்றத்துக்கு அக்கா நெபுலைசர் வைத்து மூச்சு வாங்கினாரோ, அதற்குத்தான் நான் பலா என்று பெயர் வைத்திருக்கிறேன். அரசாங்கத்திடமும் அது என்னுடையது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. கையிலிருந்த காபியைக் கீழே ஊற்றிவிட்டேன், அது ஒரு தப்பும் செய்யாத காபி.

அப்போது அக்கா கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

"நைனா! வருது! சூப்பரா... வருது! இன்னிக்கி செம நாத்தம்! ஆபீஸுக்கு போன் போட்டுக்கீறேன்... வந்துகினே கீறாங்களாம்!" அதற்குமேல் பேச முடியாமல் இருமினார். இருமலுக்கு நடுவில் சிரிக்கவும் செய்தார். நாற்றம் வந்ததற்காக ஒரு மனுஷி அப்படிச் சந்தோஷப்பட்டதைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை.

அவர்கள் வரவில்லை. அந்த அதிகாரி அக்காவை வழியிலிருந்தே கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் தயாராக இருக்கிறதா, காபி வறுப்பவர் இருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறார். அவர் ஊரில் இல்லை, அதுதான் விஷயமே என்று அக்கா சொல்லியிருக்கிறார். "நாற்றத்துக்குக் காரணமானவரே ஊரில் இல்லையென்றால் நாங்கள் வந்து எதை அளப்பது? அவர் வந்ததும் சொல்லுங்கள்" என்று அவர் திரும்பிப் போய்விட்டார்.

அக்காவிடம் நம்பர் வாங்கி நானே அந்த அதிகாரியைக் கூப்பிட்டேன். சார், அந்தப் பலா என்னுடையது இல்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"இப்படி மாத்திப் பேசினா எப்படி சார்?" என்றார். "நீங்களே உங்க வாயால சொன்னது ஃபைல்ல இருக்கு. நானும் குடிச்சுப் பாத்தேனே. சும்மா சொல்லக் கூடாது, அருமையான காபி சார்."

அன்றே கூடாரத்தைச் சுருட்டினேன். மறுநாள் சாயங்காலம் ஊருக்கு வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெபுலைசர் மடியில் இருந்தது. கடல் காற்று வீசிக்கொண்டிருந்தது. கோணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, மன்னித்துவிடுங்கள் அக்கா, நாளைக்கே புதிதாகப் புகார் எழுதுவோம், நானே கையெழுத்துப் போடுகிறேன், எல்லாம் என் வாய்க்கொழுப்பு என்று கொட்டித் தீர்த்தேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"அத்த வுடு. அங்க... காத்து எப்டி கீது?"

"ஒண்ணும் வராது அக்கா."

"காலைலகூடவா?"

"காலைலகூட."

அக்கா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "அங்க கீற... கெய்விங்களுக்கு... இஸ்துக்குமா நைனா?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் பதிலுக்குக் காத்திருந்தார். தோட்டத்துக்குப் பக்கத்து மேட்டில் ஒரு கிழவி விறகைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிப் போனதைப் பார்த்தேன் என்று சொன்னேன். உங்கள் வயது இருக்கும் அக்கா, யாரையோ போனில் திட்டிக்கொண்டே போனாள் என்றேன்.

"மேடு ஏறிகினேவா?"

"ஆமாக்கா. ஏறிகினேதான்."

"நிக்காமியா?"

நிற்கவில்லை என்றேன். அக்கா சிரித்தார். யாரைத் திட்டினாள், என்ன சொல்லித் திட்டினாள் என்று கேட்க வாயெடுத்தார். ஆனால் இழுப்பு வந்துவிட்டது. கேட்காமலே நெபுலைசரை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டார்.